நினைவூட்டும் பொறுப்பு யாருடையது?

அரசு அலுவலகத்திலோ வங்கியிலோ ஆலையிலோ முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்த ஒருவருக்காக, அத்தனை காலமும் பல விஷயங்களை வேறு யாரோ நினைவில் வைத்திருந்தார்கள். வருமான வரியைச் சம்பளத்திலேயே பிடித்தார்கள். வைப்பு நிதி தானாகக் கணக்கில் ஏறியது. எல்ஐசி பிரீமியத்தைக்கூடச் சம்பளப் பட்டியல் வழியாகவே கட்டியவர்கள் உண்டு. எந்தப் படிவத்தை எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்பது சுற்றறிக்கையாக மேசைக்கு வந்தது. கவனிக்காமல் விட்டால் பக்கத்து இருக்கைக்காரர் சொன்னார். பணி நிறைவு நாளில் மாலையும் சால்வையும் போட்டு வீடுவரை கொண்டுவந்து விடுகிறார்கள். அன்றோடு அந்த ஏற்பாடு முழுவதும் நின்றுவிடுகிறது. செய்ய வேண்டிய வேலைகள் மட்டும் நிற்பதில்லை; இன்னும் கூடுகின்றன.

ஓய்வூதியர் ஒருவரின் ஓராண்டைப் பார்த்தால் இது விளங்கும். ஏப்ரலில், வரி வரம்புக்குள் வருமானம் உள்ளவர் வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று வங்கியில் உறுதிமொழிப் படிவம் தர வேண்டும். ஏப்ரலிலும் அக்டோபரிலும் அரையாண்டுச் சொத்து வரி. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின் கட்டணம். கணக்கெடுத்த நாளிலிருந்து 20 நாள்தான் அவகாசம். ஜூலையில் வருமான வரிக் கணக்கு. மருத்துவக் காப்பீட்டைப் புதுப்பிக்க ஒரு தேதி, வைப்புத்தொகை முதிர ஒரு தேதி, மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஐந்தாண்டு முடிய ஒரு தேதி. மத்திய அரசு ஓய்வூதியருக்கு, உயிருடன் இருப்பதை உறுதிப்படுத்த நவம்பரில் ஆயுள் சான்றிதழ். மாநில அரசு ஓய்வூதியருக்கு அதற்காகவே கருவூல நேர்காணல். இவற்றுக்கு நடுவே அன்றாட மாத்திரைகள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்க்கரைப் பரிசோதனை, கண் மருத்துவர், உறவில் கல்யாணம், காதுகுத்து.

இவ்வளவையும் மனதிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று யாரிடமும் எதிர்பார்க்க முடியாது. கைபேசியில் ஒரு பட்டியலும் சில நினைவூட்டல்களும் இருந்தால் பெரும்பகுதி எளிதாகிவிடும். ஆனால், அந்தப் பட்டியலை உருவாக்கிப் பராமரிப்பதை மூத்தவரின் தனிப்பட்ட திறமையாகவே நாம் பார்க்கிறோம். ‘அவருக்கு போன் நல்லா வரும்’, ‘இவருக்கு அதெல்லாம் வராது’ என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறோம். குடும்பமும் வங்கியும் மருத்துவமனையும் அரசும் ஊரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டிய பொறுப்பு இது. யார் பங்கு எது என்பதைப் பேசி ஒரு பொது முடிவுக்கு வரும் நேரம் வந்துவிட்டது.

தவறும் தேதியின் விலை

ஒரு தேதி தவறினால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். ஆயுள் சான்றிதழ் போய்ச் சேராவிட்டால் ஓய்வூதியம் நிறுத்தப்படும். சான்றிதழ் கொடுத்ததும் நிலுவையோடு வந்துவிடும் என்றாலும், அதுவரை மருந்துக் கடைக்கும் மளிகைக் கடைக்கும் யார் கொடுப்பது? மருத்துவக் காப்பீட்டில் 30 நாள் சலுகைக் காலமும் தாண்டிவிட்டால், பல ஆண்டுகள் கட்டிச் சேர்த்த தொடர்ச்சி அறுந்துவிடும். புதிதாகப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் முதலிலிருந்து தொடங்கும். எழுபது வயதில் இதைவிடப் பெரிய இழப்பு அதிகம் இல்லை.

வங்கியில் போட்டுவிட்டு மறந்த பணம் 10 ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தால், ரிசர்வ் வங்கி 2014இல் ஏற்படுத்திய வைப்பாளர் கல்வி, விழிப்புணர்வு நிதிக்குப் போய்விடுகிறது. உரியவர்கள் பிறகும் கேட்டுப் பெறலாம். பல வங்கிகளில் இப்படிக் கிடக்கும் தொகையை ஒரே இடத்தில் தேடிப் பார்ப்பதற்காக ‘உத்கம்’ என்ற இணையதளத்தை 2023இல் ரிசர்வ் வங்கி தொடங்கியது. தேடுவதற்கென்றே ஒரு தளம் தேவைப்பட்டிருக்கிறது என்றால், மறதியும், கணக்கு விவரம் குடும்பத்துக்குத் தெரியாமலே போவதும் எவ்வளவு பரவலானவை என்று ஊகித்துக்கொள்ளலாம்.

பணத்தைவிட மருந்து முக்கியம். ரத்தக் கொதிப்பு மாத்திரையை ஒருநாள் விட்டால் உடம்பு உடனே எதுவும் சொல்லாது. வலி இல்லாததாலேயே அது எளிதாக விட்டுப்போகிறது. பாதிப்பு பின்னால் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வருகிறது. நாட்பட்ட நோய்களுக்கான மருந்தைச் சொன்னபடி தொடர்ந்து எடுப்பவர்கள் வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாகப் பாதிப் பேர்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் வெளியிட்ட அறிக்கை சொன்னது. இதில் மறதிக்கும் ஒரு பங்கு உண்டு. நினைவூட்டலால் சரிசெய்யக்கூடிய பங்கு அது.

முதுமை ஒரு தடையா?

வயதானால் நினைவு தளரும். ஆகவே தேதிகள் தவறுவது இயல்பு என்று பலர் நினைக்கிறார்கள். ஆய்வுகள் வேறு மாதிரி சொல்கின்றன. ‘பின்னால் செய்ய வேண்டியதை உரிய நேரத்தில் நினைத்துச் செய்வது’ என்ற திறனை உளவியலாளர்கள் நீண்ட காலமாக ஆராய்ந்துவருகிறார்கள். ஆய்வுக்கூடத்தில் வைத்துச் சோதித்தால் இளைஞர்களே முந்துகிறார்கள். அவரவர் வீட்டில், அன்றாட வாழ்க்கைக்கு நடுவே அதே மாதிரி வேலையைக் கொடுத்தால், மூத்தவர்கள் இளைஞர்களுக்கு இணையாகவும் பல சமயம் மேலாகவும் செய்கிறார்கள். ஒழுங்கான அன்றாட வழக்கமும், குறித்துவைக்கும் பழக்கமும் இதற்குக் காரணங்களில் சில. நம் வீடுகளிலும் அந்தப் பழக்கம் புதிதல்ல. தினசரி காலண்டரில் பால் கணக்கைக் குறிப்பதும், சிலிண்டர் மாற்றிய தேதியை அடுக்களைச் சுவரில் எழுதுவதும், முந்தானையில் முடிச்சுப் போட்டுக்கொள்வதும் நம் அம்மாக்களும் பாட்டிகளும் செய்துவந்தவைதான்.

கைபேசி அந்தப் பழக்கத்தோடு ஒரு வசதியைச் சேர்க்கிறது: உரிய நேரத்தில் அதுவே கூப்பிடுகிறது. அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், லேசான நினைவுக் குறைபாடோ ஆரம்பநிலை மறதிநோயோ உள்ள 52 முதியவர்களுக்குத் திறன்பேசியில் நினைவூட்டல் செயலியையோ குரல்பதிவையோ பயன்படுத்தச் சொல்லிக் கொடுத்தார்கள். நான்கு வாரங்களில் தங்கள் அன்றாட நினைவு மேம்பட்டிருப்பதாக அவர்கள் தெரிவித்தார்கள். மறதிநோய் தொடங்கிவிட்டவராலும் கற்க முடிந்திருக்கிறது.

‘எல்லாவற்றையும் போனிடம் ஒப்படைத்தால் மூளை மழுங்கிவிடாதா?’ என்ற கவலையை ஒதுக்கிவிடக் கூடாது. 57 ஆய்வுகளை, 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்த ஆய்வு ஒன்று 2025இல் வெளியானது. நடுவயதைத் தாண்டியவர்களில் கணினி, கைபேசி, இணையம் பயன்படுத்துபவர்களிடம் அறிவுத்திறன் சரிவு குறைவாகவே காணப்பட்டது. கைபேசிதான் அதற்குக் காரணம் என்று இதைக்கொண்டு சொல்ல முடியாது; நல்ல நினைவுள்ளவர்களே அதிகம் பயன்படுத்துகிறார்கள் என்றும் இருக்கலாம். கைபேசி மூளையைக் கெடுத்துவிடும் என்ற அச்சத்துக்கு இதில் ஆதாரம் இல்லை என்பது மட்டும் உறுதி.

நல்ல பட்டியல் எப்படி இருக்கும்?

பட்டியலுக்கு ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும். மருந்து ஒரு செயலியில், பில் இன்னொன்றில், கல்யாண நாள் வாட்ஸ்அப்பில், மீதி டைரியில் என்று சிதறினால் எதுவும் உதவாது. வேலைகளை மூன்று வகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் ஒரே இடம் வைத்தால் போதும். தினமும் செய்பவற்றுக்கு அலாரம். தேதி உள்ளவற்றுக்குக் கைபேசி நாட்காட்டி. தேதி இல்லாதவற்றுக்கு, அதாவது மளிகைச் சாமான், மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, பழுதுபார்க்க வேண்டிய குழாய் போன்றவற்றுக்கு, முடிந்ததும் டிக் அடிக்கும் ஒரு குறிப்பு. அலாரத்துக்குத் திறன்பேசி வேண்டும் என்றில்லை. பட்டன் போனிலும் அது உண்டு.

தேதி உள்ள வேலைக்கு ஒரே ஒரு நினைவூட்டல் போதாது. காப்பீடு முடியும் நாள் காலையில் மணி அடித்தால் பணம் புரட்ட நேரமிருக்காது. ஒரு மாதம் முன்பு, ஒரு வாரம் முன்பு, அன்றைக்கு என மூன்று முறை வைப்பது நல்லது. ‘ஆண்டுதோறும்’ என்று குறித்துவிட்டால் அடுத்த ஆண்டும் தானாக வரும். வெறுமனே ‘ஆயுள் சான்றிதழ்’ என்று எழுதுவதைவிட, ‘ஆயுள் சான்றிதழ்: ஆதார், ஓய்வூதிய ஆணை (பிபிஓ) நகல், வங்கிப் புத்தகம் எடுத்துக்கொள்ள வேண்டும்’ என்று எழுதினால் இரண்டாவது நடை மிச்சம். தட்டச்சு சிரமமானவர்கள் விசைப்பலகையில் உள்ள மைக்கை அழுத்தித் தமிழில் பேசினாலே எழுத்தாகிவிடும்.

எல்லாவற்றுக்கும் மணி அடிக்க வைத்தால் எந்த மணியையும் காது பொருட்படுத்தாது. நாளைக்கு மூன்று நான்கு அழைப்புகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ரகசிய எண், கடவுச்சொல் ஆகியவற்றைப் பட்டியலில் எழுதவே கூடாது. முக்கியமான தேதிகளை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரிலும் ஒட்ட வேண்டும். போன் தொலைந்தால் அதுதான் கைகொடுக்கும். பட்டியல் முழுக்கக் கட்டணமும் மாத்திரையுமாகிவிடவும் கூடாது. நடைப்பயிற்சி, நூலகப் புத்தகம், பழைய சகாக்களைப் பார்க்கும் நாள், தெப்பத் திருவிழா, பேத்தியின் பிறந்தநாள் எல்லாம் அதில் வர வேண்டும். கடமைகளை மனச்சுமையாக வைத்துக்கொள்ளாமல் நிம்மதியாக இருப்பதற்குத்தான் இவ்வளவும்.

குடும்பத்தின் பங்கு

‘மாத்திரை போட்டாச்சாப்பா?’ என்று மகள் தினமும் கேட்பது அக்கறைதான். ஆனால், நாளும் அதே கேள்வி வரும்போது கேட்பவருக்கும் சலிப்பு, பதில் சொல்பவருக்கும் எரிச்சல். தொலைபேசிப் பேச்சு முழுவதும் விசாரணையாகிவிடுகிறது. கூகுள் கீப் போன்ற செயலிகளில் ஒரு பட்டியலை இருவர் சேர்ந்து பார்க்கலாம், டிக் அடிக்கலாம். சிங்கப்பூரில் இருக்கும் மகனும் மதுரையில் இருக்கும் அம்மாவும் ஒரே பட்டியலைப் பார்த்தால், பேசக் கிடைக்கும் பத்து நிமிடத்தில் வேறு நல்ல பேச்சுப் பேசலாம்.

இங்கே ஒரு எல்லை வேண்டும். பட்டியல் மூத்தவருடையது. எதைப் பகிர்வது, எதைப் பகிரக் கூடாது என்று அவரே முடிவு செய்ய வேண்டும். மருந்தையும் கட்டணத் தேதியையும் பகிர்ந்துகொள்பவர், யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்பதைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். அது அவர் உரிமை. பிள்ளைகள் அதை உளவு பார்க்கும் கருவியாக்கினால், பெற்றோர் முதலில் செய்வது பட்டியலைக் கைவிடுவதுதான். அதில் அவர்களைக் குறைசொல்ல முடியாது. கற்றுக்கொடுப்பதிலும் இதே மரியாதை வேண்டும். ‘கொடுங்க, நானே செஞ்சுடறேன்’ என்று போனைப் பிடுங்கி வேலையை முடிப்பவர், அடுத்த முறைக்கும் தானே தேவைப்படும் நிலையை உண்டாக்குகிறார். மூத்தவரின் விரல் திரையில் இருக்க வேண்டும்; இளையவரின் பொறுமை பக்கத்தில் இருக்க வேண்டும்.

பல வீடுகளில் நினைவுகள் கணவன், மனைவிக்கு இடையே பிரிந்து கிடக்கின்றன. வங்கி, வரி, காப்பீடு எல்லாம் அவர் பொறுப்பு. மருந்து, சமையல் பொருள், உறவினர் வீட்டு விசேஷம் எல்லாம் இவர் பொறுப்பு. ஒருவர் மறையும்போது பாதி நினைவு அவரோடு போய்விடுகிறது. துக்கத்துக்கு நடுவே, எந்த வங்கியில் என்ன இருக்கிறது, குடும்ப ஓய்வூதியத்துக்கு எந்தத் தாள் வேண்டும், காப்பீடு எப்போது முடிகிறது என்று தெரியாமல் திண்டாடும் பெண்கள் நம் எல்லாருடைய உறவிலும் இருக்கிறார்கள். மாத்திரையின் பெயர்கூடத் தெரியாமல் தவிக்கும் ஆண்களும் இருக்கிறார்கள். இருவரும் நலமாக இருக்கும்போதே ஒரே பட்டியலை இருவர் போனிலும் வைப்பதும், நாமினி பெயர்களைச் சரிபார்ப்பதும் ஒருவருக்கொருவர் செய்யும் கடமை.

வங்கியும் மருத்துவமனையும்

நிறுவனங்கள் தங்கள் பங்கைச் சரியாகச் செய்யவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆங்கிலச் சுருக்கெழுத்துகளும் ஒரு இணைப்பும் கொண்ட குறுஞ்செய்தியை அனுப்பிவிட்டு, தகவல் தந்துவிட்டோம் என்று கணக்குக் காட்டுவது நினைவூட்டல் ஆகாது. ‘கேஒய்சி காலாவதியாகிவிட்டது’, ‘ஓய்வூதியம் நின்றுவிடும்’, ‘இன்றிரவு மின்சாரம் துண்டிக்கப்படும்’ என்று மோசடிக்காரர்களும் இதே வடிவில்தான் செய்தி அனுப்புகிறார்கள். இணைப்பைத் தொட்டால் சேமிப்பு போய்விடும் என்று பயந்து உண்மையான செய்தியையும் புறக்கணிக்கும் மூத்தவர் புத்திசாலித்தனமாகவே நடந்துகொள்கிறார். உண்மையும் மோசடியும் ஒரே தோற்றத்தில் வரும்படி விட்டது நிறுவனங்களின் தவறு.

ஆகவே நினைவூட்டும் செய்தி தமிழில் வர வேண்டும். என்ன வேலை, எந்தத் தேதி, எங்கே போக வேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். இணைப்பு இருக்கவே கூடாது. பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும் என்பதை வங்கிகள் ஒவ்வொரு மூத்த வாடிக்கையாளருக்கும் சொல்ல வேண்டும். மருத்துவமனைகள் மருந்துச் சீட்டை அச்சில் தரட்டும். ‘1-0-1’ என்ற குறிக்குப் பக்கத்தில் காலை, இரவு என்று தமிழில் எழுதட்டும். அடுத்து வர வேண்டிய தேதியைத் தனியாகக் கொட்டை எழுத்தில் போடட்டும். அப்படித் தந்தால் அதைப் பார்த்து யாரும் கைபேசியில் பதிந்துகொள்ளலாம்.

அரசும் ஊரும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டினரில் 10.4 விழுக்காட்டினர் 60 வயதைத் தாண்டியவர்கள். 2031இல் இது 18.2 விழுக்காடாகும் என்பது அரசின் மக்கள்தொகை முன்கணிப்பு. ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மூத்தவராக இருக்கும் மாநிலத்தில் நினைவூட்டல் ஏற்பாடு என்பது சாலை, குடிநீர் போல அடிப்படை வசதிகளில் ஒன்றாகிவிடும்.

அரசு மனம்வைத்தால் முடியும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. 2014 நவம்பரில் தொடங்கிய ‘ஜீவன் பிரமாண்’, ஆயுள் சான்றிதழை மின்வழியில் தர வழிசெய்தது. தேய்ந்துபோன கைரேகை பதியாமல் பலர் திரும்பியதைப் பார்த்து, 2021இல் முகத்தை அடையாளம் காணும் முறை சேர்க்கப்பட்டது. 80 வயதைக் கடந்த மத்திய அரசு ஓய்வூதியர்கள் அக்டோபர் 1 முதலே தரலாம். 70 ரூபாய் கட்டணத்தில் அஞ்சல்காரர் வீட்டுக்கே வந்து எடுத்துத்தரும் சேவையும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடிச் சென்று, ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் பரிசோதித்து மருந்து கொடுக்கிறார்கள். ஓய்வூதியம் என்பதையே அறியாத கூலித் தொழிலாளிக்கும், போனே இல்லாத பாட்டிக்கும் அந்தத் தன்னார்வலரே நினைவூட்டல். அவர் கையிலுள்ள பட்டியலும் வீட்டிலுள்ள பட்டியலும் ஒன்றாகப் பொருந்த வேண்டும்.

அரசிடம் கேட்க வேண்டியது இரண்டு. முதலாவது, நினைவூட்டாமல் எந்த உதவித்தொகையையும் ஓய்வூதியத்தையும் நிறுத்தக் கூடாது. குறுஞ்செய்திக்குப் பதில் இல்லை என்றால் ஒரு தொலைபேசி அழைப்பு, அதுவும் இல்லை என்றால் ஒரு கடிதம். இரண்டாவது, மின்வழி வந்துவிட்டது என்பதற்காக ஆள் உட்காரும் கவுன்ட்டரை மூடக் கூடாது. கண்பார்வை மங்கியவருக்கும் கை நடுங்குபவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அந்தக் கவுன்ட்டர் கடைசிவரை வேண்டும்.

ஊருக்கும் வேலை இருக்கிறது. கிளை நூலகத்தில் நாளிதழ் படிக்க வரும் மூத்தவர்களுக்கு, நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் வாரம் ஒரு மணி நேரம் கைபேசி கற்றுத்தரலாம். ஓய்வூதியர் சங்கங்கள் ஆண்டுக்கான தேதிகளை ஒரே பக்கத்தில் அச்சிட்டுக் கொடுக்கலாம். குடியிருப்போர் சங்கங்கள் தனியாக வாழும் மூத்தவருக்கு ஒரு பக்கத்து வீட்டுக்காரரைத் துணைக்குக் குறித்துவைக்கலாம். தமிழ்நாட்டில் அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய இரு நாட்களிலும் கிராம சபை கூடுகிறது. ஆயுள் சான்றிதழ் மாதத்தின் வாசலில் வரும் அந்தக் கூட்டங்களில், மூத்தோர் தவறவிடக் கூடாத தேதிகளை வாசித்துச் சொல்லவும், 14567 என்ற முதியோர் உதவி எண்ணை எல்லோருக்கும் தெரிவிக்கவும் சில நிமிடங்கள் ஒதுக்கினால் போதும். இதற்கென்று தனியாக நிதி தேவையில்லை.

ஒரு பொது உடன்பாடு

இந்தப் பொறுப்புகளில் எதுவும் கட்சி சார்ந்ததல்ல; யாருடைய நலனுக்கும் எதிரானதும் அல்ல. பட்டியல் எழுதுவதும் அதைத் தினமும் பார்ப்பதும் மூத்தவரின் பங்கு. பொறுமையாகக் கற்றுக்கொடுப்பதும் அவருடைய தனியுரிமையை மதிப்பதும் குடும்பத்தின் பங்கு. புரியும் மொழியில், நம்பத்தகுந்த வடிவில், உரிய காலத்தில் சொல்வது நிறுவனங்களின் பங்கு. சொல்லாமல் தண்டிக்காதிருப்பதும், போன் இல்லாதவரை விட்டுவிடாதிருப்பதும் அரசின் பங்கு. இவற்றில் ஒன்று விட்டுப்போனாலும் மற்றவற்றின் சுமை கூடும்.

அக்டோபர் 1 உலக முதியோர் நாள். வாழ்த்துச் சொல்லிச் சால்வை போடுவதோடு அந்த நாளை முடித்துவிடுகிறோம். இந்த ஆண்டு ஒவ்வொரு வீட்டிலும் பெற்றோரும் பிள்ளைகளும் ஒரு மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்து, வரும் பன்னிரண்டு மாதங்களின் தேதிகளைப் பதிந்துவிடட்டும். பிள்ளைகள் அருகில் இல்லாத வீட்டுக்கு அடுத்த வீட்டுப் பிள்ளைகள் போகட்டும். வங்கிக் கிளைகளும் கருவூலங்களும் அதே மாதத்தில் தெளிவான தமிழ்ச் செய்தியை அனுப்பட்டும். இந்தச் சமூகத்துக்காக நாற்பது ஆண்டுகள் எத்தனையோ விஷயங்களை நினைவில் வைத்து உழைத்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு உரிய நேரத்தில் நினைவூட்டுவதை நம் எல்லோருடைய அன்றாட வேலையாக ஏற்றுக்கொள்வோம்.